எழுபத்தைந்துக்கு எழுபத்தைந்து

மேடம் இனாயாத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. பாசமும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பதினொரு வருடம் அலெக்சாந்திரியாவில் ஒரே டயாலிசிஸ் வார்டில் அவரோடு காலம் தள்ளிய நர்ஸ் நான். எரிச்சல்பட எனக்கு உரிமை இருக்கிறது.

வார்டில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆந்தை. வெயில் கொளுத்தும் நாளிலும் குடையோடு வருவார். யாராவது நிச்சயதார்த்த இனிப்பை நீட்டினால், "கல்யாணம் நடக்கட்டும், அப்புறம் சாப்பிடுறேன்" என்று தட்டைத் திருப்பிவிடுவார். அவருடைய நிச்சயதார்த்தம் மோதிரம் போட்ட ஏழாவது மாதம் முறிந்தது. மாப்பிள்ளை குவைத்துக்குப் போனார், அதற்குப் பிறகு கடிதமே இல்லை. பிறகு இருபது வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டார். அம்மாவும் போன பிறகு, கூம் அத்திக்கா பகுதியில் அம்மாவோடு இருந்த அதே வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தார்.

மனநலப் பிரிவின் வினாத்தாள்களை நோயாளிகளுக்கு வாசித்து, அவர்கள் சொல்லும் பதிலைக் குறிப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் யாருக்காகவும் ஒரு கட்டத்தைக்கூடத் தானாக நிரப்பியதில்லை. அதை ஒரு நாளைக்கு நாலு தடவை எங்களிடம் சொல்லுவார்.

வெளிநாடு போய்வந்த புது மனநல மருத்துவர் ஒருவர் கொண்டுவந்து சேர்த்ததுதான் அந்த நம்பிக்கைப் படிவம். மாற்றுச் சிறுநீரகம் வைக்க அனுமதி தரும் குழுவிடம் போவதற்கு முன், நோயாளிக்கு நல்லது நடக்கும் என்ற எண்ணம் எவ்வளவு, கெட்டது நடக்கும் என்ற எண்ணம் எவ்வளவு என்று அளக்க வேண்டுமாம். பதினைந்து வாக்கியம். மொத்தம் எழுபத்தைந்து மதிப்பெண். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஐந்து கட்டம்: இல்லவே இல்லை என்பதில் தொடங்கி மிக மிக அதிகம் வரை. கெட்டதைச் சொல்லும் வாக்கியத்துக்கு மட்டும் மதிப்பெண் தலைகீழ்: இல்லவே இல்லை என்றால் முழு ஐந்து. எல்லாம் செய்தி வாசிக்கிற மொழியில், எல்லாவற்றிலும் 'நான்'. 'வருங்காலம் எனக்கு இன்பமயமாக அமையும் என எதிர்பார்க்கிறேன்.' 'துரதிர்ஷ்டம் என்னைத் தொடர்வதாக உணர்கிறேன்.' வாசிப்பவர் ஒரு சொல்லை மாற்றக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. இது விதி. விதி என்றால் மேடம் உயிரையே விடுவார்.

எங்கள் ஜனங்களிடம் போய் இதைக் கேட்டால் என்ன ஆகும்? நாளைக்கு நல்லது நடக்கும் என்று அடித்துச் சொன்னால் கண்பட்டுவிடும், ஆண்டவனிடம் திமிர் பேசியதாகவும் ஆகிவிடும். நடக்காது என்றால் அது நன்றிகெட்டதனம். அதனால் எல்லாக் கேள்விக்கும் வந்தது ஒரே பதில்தான். நாலாம் படுக்கை உம்மு ஹாஷிம், 'துரதிர்ஷ்டம் தொடர்கிறதா' என்றதற்கும் "அல்ஹம்துலில்லாஹ்", புகழெல்லாம் ஆண்டவனுக்கே, என்றாள்.

"அதுக்கு இங்க கட்டம் இல்லம்மா!" என்று மேடம் கத்தினார்.

"அப்ப போட்டுக்கோயேன், உன் கையிலதானே பேனா இருக்கு?" என்றாள் உம்மு ஹாஷிம்.

இவர்களையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். ஷஹாத்தா மாமாவைச் சமாளிக்க முடியவில்லை. ஷஹாத்தா என்றால் பிச்சை. முன்னால் பிறந்த மூன்றும் தங்காததால், கெட்ட கண் இவனையாவது திரும்பிப் பார்க்காமல் போகட்டும் என்று தாய் வைத்த பெயர். முப்பது வருடம் டிராம் ஓட்டியவர். அடுத்த நிறுத்தம் சீதி காபிரா என்று பயணி கேட்டால், தண்டவாளம் வேறெங்கும் போகாது என்று தெரிந்தும் "இன்ஷா அல்லாஹ்", ஆண்டவன் நாடினால், என்பாராம்.

அவருக்குச் சிறுநீரகம் தரத் தங்கை நஜிய்யா தயாராக இருந்தாள். ரத்தம் பொருந்தியது. மாமாவின் கையில் ஊசி போடும் நரம்பு இரண்டு அடைத்துவிட்டது, மூன்றாவதும் எந்த நேரமும் அடைக்கலாம். குழு கூடுவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. இந்தத் தடவை விட்டால் அடுத்ததற்கு மனிதர் இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அவர் படிவம் இரண்டு தடவை திரும்பி வந்தது. முதல் தடவை தானே எழுதுகிறேன் என்று வாங்கி, ஐந்து கட்டத்துக்குப் பக்கத்தில் ஆறாவதாக ஒன்று வரைந்து, பதினைந்திலும் 'ஆண்டவன் நாட்டப்படி' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். இரண்டாம் தடவை ஒரு பயிற்சிப் பெண் வாசித்தாள். அவளுக்கும் அதே பதில்தான். 'செல்லாது' என்று சிவப்பில் எழுதித் திருப்பிவிட்டார்கள்.

"மாமா, ஒரே ஒரு தடவை 'அதிகம்'னு சொன்னா உங்க நாக்கு அழுகிடுமா?" என்று நானே கேட்டேன்.

"தஹானி, நாளைக்கு என்ன நடக்கும்னு அவனுக்குத்தான் தெரியும். நான் கையெழுத்துப் போட்டா அது அதிகப்பிரசங்கித்தனம்."

குழு கூடும் செவ்வாய்க்கிழமை மூன்றாவது தடவையாக மேடமே வந்தார். பகல் பன்னிரண்டுக்குப் படிவம் மேலே போயாக வேண்டும். மாமாவுக்கு அன்று காலைதான் இரண்டு கண்ணிலும் லேசர் வைத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். இயந்திரத்தோடு படுத்து அரைத்தூக்கத்தில் இருந்தார். ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டவர்தானே என்று மேடம் முன்னுரையெல்லாம் விட்டுவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு நேராகத் தொடங்கினார்.

"வரும் நாட்களில் இருளையே காண்கிறேன்."

மாமா திடுக்கிட்டு விழித்தார். "யாரு, இனாயாத்தா? இல்லம்மா! இல்லவே இல்ல! என்ன பேச்சு இது?"

மேடத்தின் பேனா ஒரு கணம் நின்றது. இரண்டு வாரமாக இந்த மனிதரிடம் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. சட்டென்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனார். "துரதிர்ஷ்டம் என்னைத் தொடர்வதாக உணர்கிறேன்."

"கிடையவே கிடையாது. உன்னை யாரும் தொடரல. அது சைத்தான் ஓதுறது."

"வருங்காலம் எனக்கு இன்பமயமாக அமையும் என எதிர்பார்க்கிறேன்."

"அப்படிச் சொல்லு! அமையும், ரொம்ப ரொம்ப நல்லா அமையும். இதுல என்ன சந்தேகம்?"

நான் ஊசியைச் சரிபார்க்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். ஆந்தையின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. பதினைந்தும் முடிந்தன. கூட்டிப் பார்த்தார். எழுபத்தைந்துக்கு எழுபத்தைந்து. எங்கள் வார்டில் நாற்பதைத் தாண்டியவரே கிடையாது.

மாமா இடது கையால் துழாவி அவர் முழங்கையைப் பிடித்தார். "இவ்வளவையும் மனசுக்குள்ளயே வெச்சிக்கிட்டிருந்தியாம்மா? இனிமே அப்படி நினைக்காத. சரி, அந்த எழவெடுத்த படிவத்தைக் கொண்டா. என் கதையை எழுதிடுவோம்."

மேடம் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். மணி பதினொன்று நாற்பது.

"மாமா, இது..." என்று தொடங்கி நிறுத்தினார். புதுத் தாளை எடுத்தார். "வருங்காலம் எனக்கு, எனக்குன்னா உங்களுக்கு, இன்பமயமாக அமையுமா?"

"ஆண்டவன் நாட்டப்படி."

"துரதிர்ஷ்டம்?"

"அவன் நாட்டப்படி."

"கழுதை!" என்று எழுந்தார் மேடம். நாற்காலி விழுந்தது. "இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு கழுதையை நான் பார்த்ததில்ல!" புதுத் தாளைக் கசக்கிப் பையில் திணித்து, நிரம்பிய தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

மருத்துவர் மதிப்பெண்ணைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "இதெல்லாம் அவரே சொன்னதா, மேடம்?"

"அவர் வாயால சொன்னது. ஒரு எழுத்துகூட நான் சேர்க்கல."

அது பொய்யில்லை. ஆனாலும் இறங்கி வரும்போது படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்துத் தொலைத்தேன், அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. "அந்த ஆளு என்னைப் பத்தி அப்படியா நினைக்கிறாரு, தஹானி? எனக்கு நானே போட்டாகூட முப்பது தேறாது" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டு, நான் ஏன் வார்டை விட்டு வந்தேன் என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

அனுமதி கிடைத்தது. மூன்று வாரம் கழித்து, நஜிய்யாவை முன்னால் கொண்டுபோன பிறகு, மாமாவைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். மேடம் வந்து வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, என் படிவம் எப்படித் தேறிச்சு? நான் அவன் நாட்டப்படின்னுதானே சொன்னேன்?"

"நீங்க தேறல. நான்தான் தேறினேன்" என்று நடந்ததைக் கடுகடுவென்று சொன்னார்.

மாமா தலையைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப ஆபரேஷன் உனக்கா?"

வார்டே சிரித்தது. மேடம் மட்டும் கம்பியை விடவில்லை. "நீங்க திரும்பி வருவீங்க" என்றார்.

எல்லோரும் காத்திருந்தோம். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வரவேண்டிய சொல் வரவில்லை. நாலாம் படுக்கையிலிருந்து உம்மு ஹாஷிம் பதறிப்போய், "இன்ஷா அல்லாஹ்!" என்று கூவினாள். மாமாவின் முகம் வெளுத்தது.

"சொல்லும்மா. இன்ஷா அல்லாஹ் சொல்லு."

"மாட்டேன்."

"இனாயாத், விளையாடாத. அது இல்லாம அப்படிச் சொல்லக் கூடாது."

"பதினஞ்சு கேள்வி கேட்டேன். அமையும், கிடைக்கும், நடக்கும்னு அத்தனையும் எனக்காக அடிச்சுச் சொன்னீங்களே" என்றார் மேடம். குரல் உடைந்துவிட்டது. "அதுல ஒரு தடவையாவது இன்ஷா அல்லாஹ் சொன்னீங்களா?"