சிவப்பு வயர் சாமிக்கு

ராமச்சந்திரனின் வேனில் ஏறுகிறவர்கள் முதலில் தங்கள் காலைத்தான் பார்ப்பார்கள். நிவித்திகலப் பக்கத்து மழையில் தேயிலைக்குள் நடந்து ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள் நாலைந்து அட்டையாவது காலில் ஏறியிருக்கும். வேன் கதவைத் தள்ளினால் படியில் பளிச்சென்று ஒரு வெள்ளை வெளிச்சம் விழும். அதில் காலைக் காட்டி, அட்டையைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் ஏற வேண்டும். இது அவன் போட்ட சட்டம். அட்டைக்கென்று தனி விளக்கு வைத்த வேன் இலங்கையிலேயே இது ஒன்றுதான் என்று நாங்கள் கேலி செய்வோம். அவனுக்கு அது பாராட்டாகத்தான் கேட்கும்.

அவன் அப்பா ரப்பர் பால் வெட்டியவர். இவனுக்குத் தோட்ட வேலை ஒட்டவில்லை. இரத்தினபுரி டவுனில் வாகனங்களுக்கு வயரிங் செய்யும் முக்தார் நானாவின் கடையில் சேர்ந்து, கை கறுக்க வேலை பழகி, கடைசியில் ஒரு பழைய டொல்பின் வேனை வாங்கித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தான். எஞ்சின் கிழவன்போல இருமியது. வேறு யாராக இருந்தாலும் முதலில் எஞ்சினைப் பார்ப்பார்கள். இவன் டேஷ்போர்டைக் கழற்றினான்.

மீட்டருக்குப் பின்னால் இருந்த மங்கலான மஞ்சள் பல்புகளைப் பிடுங்கிவிட்டு நீல எல்.ஈ.டி. வைத்தான். பிள்ளையார் படத்தைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் எரிந்தன. கூரையில் நீள நீளமாக வெள்ளை விளக்குப் பட்டிகளை ஒட்டினான். எல்லாம் கொழும்பு புறக்கோட்டை நடைபாதையில் பொறுக்கி வாங்கிய சாமான். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்பதை அவன் மனைவி விஜயகலா சொன்னாள். கூரைக்குப் பச்சை போடலாம் என்று அவன் ஆசைப்பட்டபோது, ஏறுகிறவர்கள் எல்லாம் காய்ச்சல்காரர்களாகத் தெரிவார்கள் என்று அவள்தான் தடுத்தாள். அந்த ஒரு விஷயத்துக்காகவே நாங்கள் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வேலை முடிந்ததும் முக்தார் நானா பார்க்க வந்தார். விளக்குகளை மெச்சினார். பிறகு பழக்க தோஷத்தில் டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தார். அத்தனை வயரும் கறுப்பு. மலிவாகக் கிடைத்த ஒரே சுருளிலிருந்து வெட்டி வெட்டி இழுத்திருந்தான். எது எங்கே போகிறது என்று நாளைக்கு உனக்கே தெரியாது என்று அவர் ஏசினார். ராமச்சந்திரன் சிரித்தான்.

"யாரு நானா கீழ குனிஞ்சு பாக்கப் போறாங்க?"

பார்த்தார்கள். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, யுத்தம் நடந்த நேரம் அது. பஸ்ஸில் ஏறினால் சீட்டுக்கு அடியில் குண்டு வைத்த பார்சல் ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு உட்கார்ந்த காலம். விஜயகலாவின் மாமா மகளுக்குக் கொழும்பில் கல்யாணம். முதல் நாள் மாலையே வேன் நிறையப் புறப்பட்டோம். அவிசாவளை தாண்டிப் பொழுது சாய்ந்த நேரத்தில் சோதனைச் சாவடி வந்தது. முன்விளக்கைக் குறைத்து உள்விளக்கைப் போட வேண்டும் என்பது அங்கே விதி. அந்த விதி ராமச்சந்திரனுக்கு மிகவும் பிடிக்கும். தன் விளக்குகளைக் காட்ட அரசாங்கமே இடம் வைத்துக் கொடுத்ததாக அவனுக்கு நினைப்பு. பெருமையாகச் சுவிட்சைத் தட்டினான்.

விளக்கு வரவில்லை.

இன்னொரு முறை தட்டினான். அப்போதும் வரவில்லை. ஒரு சிப்பாய் டோர்ச் லைட்டை உள்ளே அடித்தான். டேஷ்போர்டுக்குக் கீழே கறுப்புக் கறுப்பாகத் தொங்கிய வயர்க் கூட்டத்தில் அந்த வெளிச்சம் நின்றது. "மே மொகக்த?" என்றான். இது என்ன என்று கேட்கிறான். லைட்டுக்குப் போட்ட வயர் என்று ராமச்சந்திரன் நல்ல சிங்களத்தில்தான் சொன்னான். அப்படியானால் போட்டுக் காட்டு என்றான் சிப்பாய். அதுதானே வரவில்லை. கையில் வாங்கிய அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். சுவிட்ச் இருக்கிறது, வயர் இருக்கிறது, விளக்கு மட்டும் இல்லை.

எங்கள் எல்லோரையும் இறக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். ராமச்சந்திரன் மட்டும் வேனுக்குள் மல்லாந்து கிடந்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டு, ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தான். எல்லாமே கறுப்பு. இழுத்ததையே திரும்பவும் இழுத்திருப்பான். சிப்பாய்கள் துப்பாக்கியோடு தள்ளி நின்றார்கள். தூறலில் நின்ற எங்களில் ஒருவரும் பேசவில்லை. ஆனால் கால் பேசியது. அந்த வேனில் தூங்கி விழுந்து பயணம் போனவர்கள், அந்தப் படியில் அட்டை தட்டியவர்கள், ஒருவர் பின் ஒருவராக இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். புதுச் சேலையோடு நின்ற விஜயகலாவும் நகர்ந்தாள்.

திடீரென்று வேன் முழுக்க வெளிச்சம் வந்தது. பிள்ளையாரைச் சுற்றிச் சிவப்பு, மீட்டரில் நீலம், கூரையில் வெள்ளை. குலுக்கலில் கழன்றிருந்த ஒரு மூட்டுத்தான் காரணம். டோர்ச் லைட் அடித்த சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகலாம் என்று கையைக் காட்டினான்.

ராமச்சந்திரன் எங்களைக் கூப்பிட வந்தான். விஜயகலா அவன் அருகில் போய் மெதுவாகக் கேட்டாள். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"என்னங்க, உள்ள லைட்டு மட்டுந்தானே?"

அவன் அவளையே பார்த்தபடி நின்றான். பிறகு, "லைட்டு மட்டுந்தான்" என்றான்.

சிப்பாய் கேட்டால் அது அவன் தொழில். நாங்கள் பின்னால் நகர்ந்தது ஊர் புத்தி. ஆனால் அவள் கேட்டது ராமச்சந்திரனை உடைத்துவிட்டது. கல்யாண வீட்டில் பாயசத்துக்கு மூன்று தரம் கை நீட்டுகிற மனுஷன் அன்றைக்கு இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்தான்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் டேஷ்போர்டு மறுபடியும் கழன்றது. எல்லாவற்றையும் பிடுங்கி எறியப் போகிறான் என்றுதான் நினைத்தோம். விஜயகலாவும் அப்படித்தான் நினைத்தாளாம். பயத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன் என்று அழுதாளாம். அவன் சொன்ன பதிலை அவளே பிறகு எங்கள் வீட்டில் சொன்னாள்.

"நீ கேட்டது தப்பில்ல. எது எங்க போகுதுன்னு தெரியாம நானே தடவிக்கிட்டுத்தானே கெடந்தேன். ஒனக்கு எப்படித் தெரியும்?"

முக்தார் நானாவின் கடையிலிருந்து நிறம் நிறமாக வயர் வந்தது. இந்த முறை அவளை முன் சீட்டில் உட்காரவைத்து, எந்த விளக்குக்கு எந்த வயர் என்று அவளையே சொல்லச் சொன்னான். அவள் சொன்ன நிறத்தை எடுத்து இழுத்தான். கீழே பாதி மூடியிருந்த கறுப்புப் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெட்டிப் பொருத்தினான். அதற்குள்ளேயும் சின்னதாக ஒரு விளக்கு. முன் சீட்டில் உட்கார்ந்தால் முழங்காலுக்கு எதிரே அத்தனை வயரும் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் நிரை பிடித்து நிற்பதுபோல வரிசையாகத் தெரியும். மறைக்க வேண்டியதை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறாயே என்று நாங்கள் கேலி செய்தோம். அவன் துணியால் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் அதே ரோட்டில் மறுபடியும் கொழும்புக்குப் போனோம். விஜயகலா முன் சீட்டில் இருந்தாள். அதே சாவடி, வேறொரு சிப்பாய். இந்தத் தரம் விளக்குகள் உடனே வந்தன. ஆனால் சிப்பாயின் கண் நேராகத் தகட்டுக்குப் போனது. "மே மொகக்த?"

ராமச்சந்திரன் வாயைத் திறப்பதற்குள் விஜயகலா தொடங்கிவிட்டாள். தகட்டின் மேல் விரலை வைத்துச் சிங்களத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிவப்பு வயர் சாமிக்கு. மஞ்சள் கூரைக்கு. நீலம் மீட்டருக்கு. பச்சை, படியில் அட்டை பார்ப்பதற்கு. அட்டை பார்க்கவா என்று சிப்பாய் கேட்டான். அவனும் எங்கள் பக்கத்து மலைக்காரனாக இருக்க வேண்டும், தன் சப்பாத்தைத் தூக்கி அந்த வெளிச்சத்தில் காட்டிச் சிரித்தான். இதையெல்லாம் யார் போட்டது, டிரைவரா என்று கேட்டான்.

"அபி தமய் தெம்மே" என்றாள் விஜயகலா. நாங்கள்தான் போட்டோம் என்றாள். ராமச்சந்திரன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

வேன் புறப்பட்டது. சாவடி தாண்டியதும் உள்விளக்கை அணைத்துவிடுவது அவன் வழக்கம். அன்றைக்கு ஹோமாகம வரும்வரை அவன் அதை மறந்துபோனான். அதனால்தான் அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது வேனில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.