சாவி டீக்கடையில் இருக்கிறது

லாரித் தொழிலில் லாரி வாங்குவது ஒரு வேலையே இல்லை. வங்கிக்காரர் வீடு தேடி வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அதை ஓட்ட வரும் மனிதரை ஒரு வருஷம் கையில் பிடித்து வைப்பதுதான் பிராணன் போகிற வேலை. என்னைப் போல நாலு வண்டி, ஆறு வண்டி வைத்துக்கொண்டு விழி பிதுங்கும் சகாக்களே, உங்களிடம் புலம்பாமல் வேறு யாரிடம் புலம்புவேன்?

நான் மராத்திச் சீமையில், கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழன். என்னிடம் ஆறு லாரிகள் இருக்கின்றன. ஓசூரிலிருந்து மோட்டார் பாகங்களை ஏற்றி வந்து தளேகாவில் ஒரு ஃபேக்டரியில் இறக்குவது பிழைப்பு. சொன்ன நாளில் வண்டி கேட்டில் நிற்காவிட்டால் ஒப்பந்தம் அடுத்தவனுக்குப் போய்விடும். ஆறு வண்டிக்கும் சேர்ந்தாற்போல ஆறு டிரைவர்கள் இருந்த மாதம் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. நிலைத்தவர் ஒரே ஒருவர், சங்ககிரித் தங்கராசு. பதினோரு வருஷமாக என்னுடன் இருந்தார். அவர் இருக்கிற தைரியத்தில்தான் நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். அவரை எப்படிக் கோட்டைவிட்டேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு ஆணி வேண்டும்

எங்கள் லாரிகள் நிக்டியில் நிற்கும். எதிரே காளே என்பவரின் டீக்கடை. வேலையை விடும் டிரைவர்கள் யாரும் என் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. சாவியைக் காளேயிடம் கொடுத்துவிட்டு, 'சாவி டீக்கடையில் இருக்கிறது' என்று வாட்ஸப்பில் ஒரு வரி போடுவார்கள். அடுத்த நிமிஷம் என் நம்பரை பிளாக் செய்துவிடுவார்கள்.

போன மழைக்காலத்தில் ஒருவர் வந்தார். கேபினில் மெத்தை பழசு என்றார், புதுசு போட்டேன். விசிறி வேண்டும் என்றார், மாட்டினேன். மூன்றாம் நாள் காலை அதே ஒற்றை வரி வந்தது. ஆத்திரத்தோடு டீக்கடைக்கு ஓடினேன். சாவியோடு நான் தைத்துக் கொடுத்த காக்கிச் சட்டையும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. காளே டீயை ஆற்றியபடியே சொன்னார்: "சேட், இந்த மாசத்துல இது மூணாவது சாவி. சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக் கொடுத்துடுங்க, மாட்டிவைக்கச் சௌகரியமா இருக்கும்."

டிராயர்

இன்னொருவர் சாதாராவுக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை ஓரமாகச் சரக்கோடு வண்டியை நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிப் போயே போய்விட்டார். என்ன கோபம், யார் மேல் கோபம், ஒன்றும் தெரியாது. நான் போய் வண்டியை ஓட்டி வந்தேன். வழி நெடுக நான் திட்டிய திட்டை இங்கே எழுதினால் அச்சில் ஏற்ற மாட்டார்கள்.

அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டேன். நம் தொழிலில் பலர் செய்வதுதான், உங்களில் சிலரும் செய்வீர்கள். வேலைக்குச் சேர்ந்தால் ஒரிஜினல் லைசென்ஸ் என் மேஜை டிராயரில் இருக்கும், டிராயர் சாவி என் இடுப்பில் இருக்கும். வழியில் போலீஸ்காரர் கேட்டால் போனில் இருக்கும் நகலைக் காட்டிக்கொள்ளலாம். புதியவர்களிடம் மட்டும் வாங்கினால் முறைப்பார்களே என்று எல்லோரிடமும் வாங்கினேன். தங்கராசு சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். "பதினோரு வருசம் கழிச்சு என்னையும் பூட்டி வெக்கறீங்களா மொதலாளி? செரி, வெய்யுங்க."

கொட்டாவி

என் மகன் மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல வராது, ஆனால் லாரித் தொழிலை எப்படி நடத்த வேண்டும் என்பது மட்டும் நன்றாக வரும். "பப்பா, டிரைவர் ஃபேஸ் பாக்கற கேமரா போடணும். அவங்க யான் பண்ணா நமக்கு அலர்ட் வரும், அவ்ளோதான்" என்றான். யான் என்றால் கொட்டாவியாம். போட்டோம். தங்கராசு ஒரு பயணம் பொறுத்துக்கொண்டார். இரண்டாவது பயணத்தில் கேமராவின் மேல் அவருடைய ஈரத் துண்டு தொங்கியது. என் கேமராவுக்கு இவர் துண்டு போடுவதா என்று போனில் சீறினேன்.

"மூணு கொட்டாவி உட்டன்னு தம்பி போன் பண்ணி எண்ணிச் சொல்லுதுங்க. ஃபேக்டரி கேட்ல ஏழு மணி நேரம் குந்த வெச்சா கொட்டாவி வராம வேற என்னங்க வரும்?"

நிச்சயதார்த்தம்

தங்கராசு தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே விடுப்புக் கேட்டார். வெள்ளிக்கிழமை விசேஷம். புதன் காலையில் சரக்கை இறக்கிவிட்டு அன்றே பஸ் ஏறட்டும் என்றேன். வேறு ஆள் இல்லை. புதன் காலை எட்டு மணிக்கெல்லாம் அவர் தளேகாவ் கேட்டில் நின்றுவிட்டார். ஃபேக்டரிக்காரர்கள் வண்டியை உள்ளே விடவில்லை. சோதனை பாக்கி, இடம் இல்லை, மெஷின் நிற்கிறது என்று நேரத்துக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அங்கிருந்த சூப்பர்வைசரிடம் போனில் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். ஒரு டிரைவர் வீட்டு விசேஷத்துக்காக வண்டி வரிசையை மாற்ற முடியாது என்று போனை வைத்துவிட்டான்.

மதியம் தங்கராசு கூப்பிட்டார். வண்டியைப் பூட்டிக் கேட்டிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறட்டுமா என்றார். நான் போயிருக்கலாம். தளேகாவ் கட்கியிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். போய் அந்த லாரியில் உட்கார்ந்திருந்தால் அவர் ஊருக்குப் போயிருப்பார். எனக்கு அது தோன்றவே இல்லை. சூப்பர்வைசர் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அவர்மேல் கொட்டினேன். "வண்டியை விட்டுட்டுப் போனா போ. லைசென்ஸ் என்கிட்ட இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்றேன். இதை எழுதும்போதும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவர் போகவில்லை. வெள்ளிக்கிழமை மகளுக்குத் தட்டு மாற்றியதை லாரி கேபினில் உட்கார்ந்து போனில் பார்த்தார். அன்று மத்தியானம் சரக்கை இறக்கினார். வண்டியை நிக்டிக்குக் கொண்டுவந்து கழுவினார். டேஷ்போர்டில் இருந்த முருகன் படத்தை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார். என் போனுக்கு அந்த ஒற்றை வரி வந்தது. நான் போய் நின்றபோது, காளே கேட்டு வாங்கி அடித்துவைத்த ஆணியில் சாவி இல்லை. கல்லாப்பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். "இதை மட்டும் ஆணியில மாட்டலை சேட். இவர் திரும்பி வந்து கேப்பார்னு நெனச்சேன்."

நாலாவது டிரைவர்

அடுத்த வாரச் சரக்குக்கு ஆள் கிடைக்கவில்லை. முதல் லாரியை நானே ஓட்டியவன், லைசென்ஸையும் விடாமல் புதுப்பித்து வருகிறவன். நானே ஏறி உட்கார்ந்தேன். ஓசூர் போய் வந்து, இடுப்பு இரண்டாகப் பிளந்த நிலையில் தளேகாவ் கேட்டில் காலை எட்டரைக்கு நின்றேன். காவலாளி கையை நீட்டினான். லைசென்ஸ், இல்லாவிட்டால் ஆதார் அட்டை, இரண்டில் ஒன்றைக் கொடுக்க வேண்டுமாம். எங்கள் டிரைவர்கள் இத்தனை நாளும் இங்கே ஆதாரைக் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறார்கள். லைசென்ஸ் என் டிராயரில், ஆதார் இவன் டிராயரில். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. என் லைசென்ஸை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினான்.

பதினொரு மணிக்குக் கழிப்பறை எங்கே என்று கேட்டேன். சாலைக்கு எதிரே இருந்த புதரைக் காட்டினான். உள்ளே இருப்பது ஸ்டாஃபுக்காம். நான் ஆறு லாரிக்கு முதலாளி என்று ஹிந்தியிலும் மராத்தியிலும் கத்தினேன். லாரியிலிருந்து இறங்கினவனெல்லாம் டிரைவர்தான் என்றான். புதருக்குப் போய்விட்டு வந்தேன். வெயில் ஏறியது. நான்கு மணிவரை ஒருவரும் கூப்பிடவில்லை. லைசென்ஸைக் கொடு, சரக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், போகிறேன் என்று அவன் மேஜையைத் தட்டினேன். அவன் கோபப்படக்கூட இல்லை. "சரக்கு இறங்கற வரைக்கும் தர மாட்டேன். கையில கொடுத்தா நீங்கல்லாம் வண்டியைப் போட்டுட்டு ஓடிடுவீங்க."

போன்

அன்று ஒருவழியாகச் சரக்கு இறங்கி, கட்கிக்குத் திரும்பியதும் டிராயரைத் திறந்து எல்லா லைசென்ஸையும் வெளியே எடுத்தேன். இருந்த மூன்று டிரைவர்களிடமும் அவரவருடையதைக் கொடுத்தேன். மூவரும் இதில் என்ன சூழ்ச்சி என்பதுபோல என்னைப் பார்த்தார்கள். தங்கராசுவினுடையதைச் சங்ககிரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். என்னை அவர் பிளாக் செய்யவில்லை. முதல் மணியிலேயே எடுத்தார்.

தப்பு என்னுடையது என்றேன். கேட்டில் நான் ஒரு நாள் நின்றதைச் சொன்னேன். கேமராவைக் கழற்றிவிட்டேன் என்றேன். திரும்பி வரச் சொன்னேன். எப்போதும் பேசுகிற அதே நிதானத்தில் சொன்னார்: "கண்ணாலத்துக்குப் பத்திரிக்கை அனுப்பறனுங்க, குடும்பத்தோட வாங்க. வண்டிக்கு மட்டும் கூப்புடாதீங்க."

ஆகவே சகாக்களே, இப்போது என் கம்பெனியில் நிலையாக இருக்கும் டிரைவர் நான் ஒருவன்தான். சாவியை டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போக எனக்கும் ஆசைதான், யாருக்கு வாட்ஸப் அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.