யாளியை யாளியாகவே வைத்தவர்

வேதவல்லி மேடம் காலமான செய்தி, நாவலூர் அலுவலகத்தில் நான் காலை நாஸ்தா முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய கணவர் குமரேசன் அழைத்திருந்தார். "சலீம் பாய், வேதா பூட்டாங்க. தூக்கத்துலயே பூட்டாங்க" என்றார். முந்தின நாள் மாலைகூட மேடம் என்னோடு சண்டை போட்டுவிட்டுத்தான் படாளத்தில் இருக்கும் வீட்டுக்குப் புறப்பட்டார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கணினியில் படம் வரைவதற்கான மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. அவர் நிரல் எழுதுவார். அதில் ஓட்டை கண்டுபிடிப்பது என் வேலை. ஆக, சம்பளம் வாங்கிக்கொண்டு சண்டை போட்டவர்கள் நாங்கள். மாமியார் மாதிரி குற்றம் கண்டுபிடிக்கிறேன் என்று என்னைத் திட்டுவார். திட்டிக்கொண்டே அதைச் சரிசெய்ய உட்கார்ந்தும் விடுவார்.

எங்கள் முதல் பெரிய வாடிக்கையாளர், மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருக்கும் ஏகாம்பரம் ஐயா. யாளி, கொடி, பூ என்று எங்கள் மென்பொருளில் வரைந்து, கல்லின் அளவுக்கு மாற்றி, தாளில் அச்செடுத்து, அதைக் கல்லில் ஒட்டிச் செதுக்குவார். ஒருநாள் மேடத்துக்குப் போன் செய்தார்.

"இன்னாம்மா, யாளி கேட்டா நாய் வந்து நிக்குது?"

அவர் சொன்னது சரிதான். படத்தின் மூலையைப் பிடித்துச் சுருக்கி, விரித்து, மறுபடி சுருக்கிப் பார்த்திருக்கிறார். எங்கள் நிரலோ, ஒவ்வோர் இழுப்புக்கும் திரையில் அப்போது இருந்த உருவத்தையே எடுத்துக் கணக்குப் போட்டது; பின்னத்தை வெட்டி முழு எண்ணாக்கியது. சுருங்கும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். விரித்தால் பிரிந்து வராது. பல்லும் பிடரியும் மழுங்கிப்போய் ஒரு நல்ல கல் பாழாகிவிட்டது. அடுத்த கல்லும் கெட்டால் வேறு மென்பொருள் பார்த்துக்கொள்வதாக ஐயா சொல்லிவிட்டார். அவர் போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்று எங்கள் முதலாளி கையைப் பிசைந்தார்.

முதலாளிக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. ஒருமுறை சுருக்கிய உருவத்தை மறுபடி பெரிதாக்க முடியாமல் பூட்டிவிடலாம் என்றார். மேடம் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துகினே இருந்தா எழுத்து தேயாம இன்னா பண்ணும் சார்? அவரு வரைஞ்சத அப்டியே பத்திரமா வெப்போம். எத்தினி மடங்குன்றத மட்டும் பக்கத்துல குறிச்சிப்போம். எத்தினி தபா இழுத்தாலும் மொதல்ல வரைஞ்சதுல இருந்துதான் கணக்கு."

அப்படிச் செய்தால் பாதி நிரலைத் திருப்பி எழுத வேண்டும். இருக்கிற அவகாசத்தில் அது ஆகாது என்று முதலாளி பயந்தார். சொதப்பினால் தானே பேப்பர் போட்டு வேலையை விட்டுவிடுவதாக மேடம் சொன்னார். குமரேசன் அண்ணன் வேலையில்லாமல் இருந்த நேரம் அது. வீடு மேடத்தின் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மேடமோ டீ சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்.

எழுதி முடித்ததும் என் கைக்கு வந்தது. படுக்கைவாட்டில் ஒரு நேர்கோட்டை வரைந்து மேல்நோக்கி இழுத்தேன். மென்பொருள் அப்படியே படுத்துவிட்டது. உயரத்தால் வகுக்கும் கணக்கு அது. படுத்திருக்கும் கோட்டுக்கு உயரம் ஏது, சுழியால் எப்படி வகுப்பது? மேடம் என்னை முறைத்தார். "உன் வாய்ல சக்கரைதான் போடணும்" என்று சொல்லிவிட்டு, உயரமில்லாத உருவத்துக்கு அந்தப் பக்கம் வகுக்கவே வேண்டாம் என்று எழுதிச் சேர்த்தார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அது ஒன்று.

இரண்டு பேரும் மாமல்லபுரம் போனோம். ஏகாம்பரம் ஐயா யாரையும் நம்பாமல் தாமே மவுஸைப் பிடித்தார். யாளியைக் கடுகளவுக்குச் சுருக்கினார், விரித்தார், தலைகீழாகப் புரட்டினார், மறுபடி நிமிர்த்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து அச்செடுத்தார். முதலில் எடுத்த தாளின் மேல் அதை வைத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். கோட்டின் மேல் கோடு உட்கார்ந்திருந்தது. உள்ளே திரும்பி, "கல்ல எறக்குங்கப்பா" என்றார். மேடம் வெளியே வந்து, எனக்கும் சேர்த்து இரண்டு இளநீர் வெட்டச் சொன்னார்.

அதன்பின் கம்பெனி தலைநிமிர்ந்தது; ஃப்ளெக்ஸ் கடைகள்வரை எங்கள் மென்பொருள் போய்ச் சேர்ந்தது. புதிதாக யார் எது செய்து கொண்டுவந்தாலும், "மூலத்த தொட்டியா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

காரியத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க, குமரேசன் அண்ணனோடு செங்கல்பட்டுக் கடை ஒன்றுக்குப் போனேன். திரையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடத்தை நிரப்புவதற்காக மேடத்தின் படத்தைப் பக்கவாட்டில் இழுத்திருந்தார்கள். முகம் பூசணிக்காயாக உப்பியிருந்தது. "இது எங்க வேதாவே இல்ல" என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைக்காரர் பதறவில்லை. "இதுக்கு இன்னாத்துக்கு அண்ணாத்த பேஜாராவுற? இந்த சாப்ட்வேர்ல ஒரிஜினல் எங்கயும் போவாது" என்று சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினார். மேடம் திரும்பி வந்தார். அதே கூர்மூக்கு, என்னை முறைக்கிற அதே கண்கள்.

"அந்தப் பட்டன வெச்சதே இவங்கதான்" என்றேன்.

கடைக்காரர் ஒரு நொடி திரையையே பார்த்தார். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளி எழுந்து நின்றார்.

மேடம், படாளம் கூட்ரோட்டில் உங்கள் முகம் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் நிற்கிறது. நானே சோதித்துவிட்டேன், குற்றம் ஒன்றும் இல்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.