வாங்குவதற்கு முன்பே மூழ்கிய கப்பல்

பகலில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர், சாயங்காலம் நாடகம். மெக்கானிக்குக்கு எப்படியோ அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. குழுவில் அவருக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு வசனம். இரண்டாம் காட்சியில் முதலாளி கைதட்டியதும் மூச்சிரைக்க ஓடிவந்து, “ஐயா, நம்ம கப்பல் மூழ்கிடுச்சு!” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வீட்டில் கப்பல் மூழ்காத நேரமில்லை. குளிக்கும்போது மூழ்கியது, ஷூ மாட்டும்போது மூழ்கியது. ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டபடி சோகமாகச் சொல்லிப் பார்த்தார். கம்ப்ரஸர்தான் போய்விட்டது என்று அந்த வீட்டம்மா பதறிப்போனார்.

“ஒரு வரிக்கு இவ்வளவு அலப்பறையா, மாப்ள?” என்றார் மாமியார்.

“அந்த ஒரு வரி இல்லேன்னா கதையே நகராது அத்தை!”

முதல் நாள் அரங்கம் நிரம்பியிருந்தது. முதல் காட்சியில் முதலாளி அப்போதுதான் கப்பலுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். மூக்கருகே ஒரு கொசு வட்டமடிக்க, இரண்டு கையாலும் பட்டென்று அடித்தார். திரை மறைவில் நின்ற மெக்கானிக்குக்கு அது கைதட்டலாகக் கேட்டது. ஓடிவந்துவிட்டார்.

“ஐயா, நம்ம கப்பல் மூழ்கிடுச்சு!”

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. “நான் இன்னும் வாங்கவே இல்லையே!” என்றார்.

மெக்கானிக் சட்டென்று கப்பல் விற்பவரைக் கைகாட்டி, “இது இல்லீங்க. முன்னாடி இவர்கிட்ட வாங்கினோமே, அது!” என்றார்.

அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. விற்பவராக நடித்த பல் டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் வித்த கப்பல் ஒண்ணுகூட மூழ்கினதில்ல!” என்று நிஜமாகவே சண்டைக்கு வந்தார்.

இரண்டாம் காட்சியில் சரியான நேரத்தில்தான் மெக்கானிக் வந்தார். ஆனால் தலையைக் கண்டதுமே சிரிப்பு கிளம்பிவிட்டது, அடங்குவதாக இல்லை. முதலாளியே, “இதுவும் போச்சா?” என்று கேட்டுவிட்டார்.

“ஆமாங்க.”

எல்லோரும் முதுகில் தட்டிப் பாராட்டினார்கள். அவர் மட்டும் உர்ரென்று வீடு வந்தார். “என் வசனத்தைச் சொல்லவே விடலியே!”

“அதான் முதல்லயே சொல்லிட்டீங்களே!” என்றாள் மனைவி.

இயக்குநர் கொசுவை நாடகத்திலேயே சேர்த்துவிட்டார். மறுநாள் அடித்த அடியில் முதலாளியின் மூக்கு சிவந்ததே தவிர, ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கொசுவைத் தூக்கிவிட்டார்கள். அதில் சந்தோஷப்பட்டது மெக்கானிக் ஒருவர்தான்.

அடுத்த முறை அவர் ஓடிவந்தார், முதலாளியின் முகத்தைப் பார்த்தார், எச்சில் விழுங்கினார், சொன்னார். முன்வரிசையில் ஒரு பெண் தன்னை மறந்து, “அடக் கடவுளே!” என்றார்.

வாரம் முழுக்க, போகிற வீட்டிலெல்லாம் இதே பேச்சு, தன் வீட்டிலும்தான். “அந்தம்மா நெஜமாவே நம்பிட்டாங்க, தெரியுமா?”

“கப்பல் பத்திரமா இருக்குன்னு யாராவது அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்கப்பா!” என்றார் மாமியார்.

மாப்பிள்ளைக்கு அதுவும் பாராட்டாகத்தான் கேட்டது.