தவறிட்டாருங்க

ஆடிப்பெருக்குக்குக் கொடுமுடியில் கடை போடப் போன நசுருதீன் சாயங்கால வண்டிக்குத் திரும்பிவிடுவார் என்று அவர் மனைவி உம்மல் குல்சும் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். ஐம்பத்துநாலாம் வருசம். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீடு. நசுருதீன் வளையல் வியாபாரி. எந்த ஊர்க் கோயிலில் நோன்பி சாட்டினாலும் அந்தத் திருவிழாவில் இருப்பார். மகள் ஜாஹிதாவுக்கு ஆறு வயது. அத்தா வாங்கி வரும் பொரிகடலைக்காக வாசலிலேயே நின்றிருந்தாள்.

வந்தது அரங்கசாமி நாயுடு. ரிப்பனும் சீப்பும் விற்பவர். திருவிழாக்களில் நசுருதீனுக்குப் பக்கத்துக் கடைக்காரர். வேட்டி முழங்கால் வரை நனைந்து சேறாகியிருந்தது. அந்தப் பக்கம் மழை போலிருக்கிறது என்று குல்சும் நினைத்துக்கொண்டாள்.

"அம்மணி," என்றார் அவர். "பாய் தவறிட்டாருங்க."

குல்சுமுக்குச் சிரிப்பு வந்தது. "வண்டியத் தவற விட்டுட்டாராக்கும்? எனக்குத் தெரியுமுங்கண்ணா. கடைசிப் பொம்பளைக்கும் வளையல் போட்டுட்டுத்தான் அவரு எந்திரிப்பாரு. அடுத்த வண்டி எப்பங்க?"

அரங்கசாமி அவளையே பார்த்தார். வாய் திறந்து மூடியது. பிறகு, "காலையிலங்க," என்றார். சாப்பிட்டுப் போகச் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மனுசன் இறந்தால் 'தவறிட்டார்' என்பது அரங்கசாமி வீட்டார் பேச்சு. 'செத்துட்டார்' என்றால் மரியாதைக் குறைச்சல். அது மாட்டுக்கும் நாய்க்கும் சொல்வது. குல்சும் வீட்டாருக்கு 'மவுத்து'. குல்சுமுக்கு அந்த வார்த்தை தெரியாததல்ல. வேறு யார் வீட்டுச் சேதியாக வந்திருந்தாலும் சட்டென்று புரிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு அவள் காது முழுக்க ரயில்தான் இருந்தது.

அன்று ராத்திரி அவளுக்குப் புருசன் மேல் கோபம். ஆக்கி வைத்தால் வந்து தின்னத் துப்பில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே மகளுக்கும் போட்டுத் தானும் வயிறாரச் சாப்பிட்டாள். நன்றாகத் தூங்கினாள். விடிந்ததும் ஜாஹிதாவுக்குத் தலை வாரிவிட்டு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். வண்டி வந்தது. இறங்கியவர்கள் எல்லாரும் போன பின்னும், வளையல் பெட்டியை இறக்க நேரமாகும் என்று கடைசிப் பெட்டி வரை நடந்து பார்த்தாள்.

திரும்பி வந்தபோது வீதி நிறையக் கூட்டம். வாசலில் ஒரு பஞ்சு லாரி. ஆற்றில் முகம் கழுவ இறங்கியவரைப் புதுவெள்ளம் இழுத்துப் போயிருந்தது. கரை ஒதுங்கிய உடம்பை ஊர்க்காரர்கள் லாரி பிடித்து ஏற்றிவிட்டிருந்தார்கள். "எங்கடி போயிட்டே? மையத்து வந்து காத்துக் கெடக்குது," என்று பக்கத்து வீட்டுக்காரி கட்டிக்கொண்டு அழுதாள். குல்சும் அழவில்லை. "நேத்து நான் கோவிச்சுக்கிட்டேனே," என்று மட்டும் சொன்னாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்புறம் விதவையாக வீட்டுக்குள் அடைந்திருந்த இத்தாக் காலம் முடிந்ததும், அவளே வளையல் பெட்டியைத் தூக்கினாள். பாப்பநாயக்கன்பாளையம் வரை வீடு வீடாக நடந்தாள். பெண்களுக்கு அவள் கை பிடிக்கும். எவ்வளவு இறுக்கமான வளையலையும் வலிக்காமல் ஏற்றுவாள். ஆனால் அவள் வாய்க்குப் பயந்தார்கள். யாராவது 'காலமாயிட்டார்', 'போய்ச் சேர்ந்துட்டார்' என்றால் குல்சும் விடமாட்டாள். "செத்துட்டாருங்களா?" என்று கேட்பாள். ஆமாம் என்று வாயால் சொல்ல வைப்பாள். ஒரு வீட்டில் வரலட்சுமி என்ற மருமகள், "மாமியார் வைகுண்டம் போயிட்டாங்க," என்று கண்ணைத் துடைத்தாள். "செத்துட்டாங்கன்னு சொல்லுங்க அம்மணி," என்றாள் குல்சும். அந்த வீட்டுக் கதவு அதற்குப் பிறகு அவளுக்குத் திறக்கவில்லை.

ஜாஹிதாவிடமும் அப்படித்தான். "அத்தா எப்ப வருவாங்க?" என்று குழந்தை கேட்டபோது மற்றவர்கள், அல்லாகிட்டப் போயிருக்காங்க என்றார்கள். குல்சும், "செத்துட்டாங்க கண்ணு. வரமாட்டாங்க," என்றாள். யாருடைய பசப்பு வார்த்தையை நம்பியும் தன் மகள் ஸ்டேஷனில் போய் நிற்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

அரங்கசாமி மட்டும் அவள் எதிரே வருவதேயில்லை. வீதிமுனையில் அவளைக் கண்டால் சந்துக்குள் திரும்பிவிடுவார். குல்சுமும் கூப்பிட்டதில்லை.

ஜாஹிதாவைப் பல்லடத்தில் தறி ஓட்டும் ஒரு பையனுக்குக் கட்டிக்கொடுத்தாள். அறுபத்தேழில் தலைப்பிரசவம். வலி ஒரு பகலும் ராத்திரியும் நீண்டு, கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பையன். கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது. ஜாஹிதா மயக்கம் தெளியும் முன்பே, மருமகன் துணியில் சுற்றி அடக்கத்துக்கு எடுத்துப் போய்விட்டான். அவளுக்குச் சொல்வது குல்சும் பொறுப்பாயிற்று.

கண் திறந்ததும் ஜாஹிதா, "என்ன கொழந்தம்மா?" என்றாள்.

"பையன் கண்ணு."

"எங்கே?"

குல்சும் வாயைத் திறந்தாள். எத்தனையோ வீடுகளில் அடுத்தவரைச் சொல்லவைத்த அந்த வார்த்தை வரவில்லை. "குளிப்பாட்டக் கொண்டுபோயிருக்காங்க," என்றாள்.

அது பொய்யும் இல்லை; அடக்கத்துக்கு முன் மையத்தைக் குளிப்பாட்டுவார்கள். ஜாஹிதாவின் முகம் மலர்ந்தது. படுக்கையில் தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, அங்கே முந்தானையை விரித்து வைத்தாள். எங்க அத்தா மாதிரி மூக்கா என்று கேட்டாள். பால் ஊறுற மாதிரி இருக்குதும்மா என்று வெட்கத்தோடு சொன்னாள். நர்ஸ் வரும்போதெல்லாம் தலையைத் தூக்கினாள். குல்சும் ஒவ்வொரு தடவையும், இப்பச் சொல்லிவிடலாம், இந்தக் கஞ்சியைக் குடிக்கட்டும், கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று தள்ளிப் போட்டாள். மத்தியானம் சாய்ந்தது.

பக்கத்து அறையில் ஒரு குழந்தை வீரிட்டது. ஜாஹிதா முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். "அது என்ர பையன் அழுகிற சத்தம்தானேம்மா? பசி போல. எடுத்துட்டு வாம்மா!"

"இல்ல கண்ணு." குல்சும் அவள் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். "அவன் காலையிலேயே செத்துட்டான்."

ஜாஹிதா பக்கத்தில் விரித்திருந்த முந்தானையை இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீயாம்மா? ஊருக்கெல்லாம் சொல்லுவியே. இத்தன நேரம் என்னச் சிரிக்க விட்டுப்போட்டியே."

குல்சும் மகளின் காலடியில் உட்கார்ந்து, புருசன் செத்த அன்று அழாத அழுகையையும் சேர்த்து அழுதாள். ஜாஹிதா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். உடம்பு தேறியதும் தாய்வீட்டுக்கு வராமல் நேரே பல்லடம் போனாள்.

அதற்குச் சில மாதம் கழித்து, ஒப்பணக்கார வீதியில் அரங்கசாமி எதிரே வந்தார். நரைத்துக் கூனியிருந்தார். வழக்கம்போலச் சந்துக்குள் திரும்பினார்.

"ஏனுங்கண்ணா, நில்லுங்க," என்றாள் குல்சும்.

அவர் நின்றார். ஆனால் திரும்பவில்லை. குல்சும் கிட்டப் போனாள். "பேரன் பொறந்தானுங்க," என்றாள். "எம் மககிட்ட நாந்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. வாய் வரலீங்கண்ணா."

மீதி அவருக்குப் புரிந்தது. மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்தச் சந்துமுனையிலேயே குலுங்கினார். கொஞ்சம் பொறுத்து, அவள் தூக்கி வந்த வளையல் பெட்டியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். அங்கே பல்லடம் பஸ் நின்றிருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு குல்சும் ஏறி உட்கார்ந்தாள். மகள் கதவைத் திறப்பாளா என்று அவளுக்குத் தெரியாது.