எஸ்தர் திருத்திய ஸ்கிரிப்ட்

எஸ்தர் இறந்துவிட்டார் என்ற செய்தி நம் பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காந்திபுரத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். செய்திக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நானும் ஒன்றைப் போட்டேன். போட்ட மறுநிமிடம் எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் மேசை ஞாபகம் இருக்கும். சாயமேற்றும் இயந்திரங்களுக்கு நாம் மென்பொருள் எழுதினோம். அதைத் தொகுத்து மில் கணினியில் நிறுவுகிற ஷெல் ஸ்கிரிப்டுகள் என்ற கட்டளைக் கோப்புகள் எங்கே போனாலும் ஒரே மாதிரி ஓடுகின்றனவா என்று பார்ப்பது எஸ்தரின் பொறுப்பு. அதற்காகவே யாரும் சீந்தாத நான்கு பழைய கணினிகளைச் சுற்றிலும் வைத்திருந்தார். நாம் சலித்துக்கொண்டால், "நம்மூட்டுல ஓடுனாப் போதுங்களா? அவிய ஊட்டுலயும் ஓடோணுமில்லீங்க" என்பார். அந்த மூலைக்குப் பழைய இரும்புக்கடை என்று பெயர் வைத்தவன் நான்தான்.

பெருந்துறையில் ஒரு மில்லுக்கு நான் ஸ்கிரிப்ட் எழுதினேன். பழைய சாயக் கலவைக் குறிப்புகள் இருந்தால் முதலில் நகலெடு, இல்லையென்றால் அந்த இடத்தைத் துடைத்துவிடு என்று அதில் ஒரு பகுதி. இருக்கிறதா என்ற சோதனையை இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தேன். நம் கணினிகளுக்கு அது புரியும். கட்டளைகளைப் படித்து ஓட்டுகிற எல்லா ஷெல்லுக்கும் புரியாது என்று எஸ்தர் ஒற்றை அடைப்புக்குறியாகத் திருத்தினார். தன் நான்கு கணினிகளிலும் ஓட்டிப் பார்க்க இரண்டு நாள் கேட்டார். மில்காரர் விடாமல் நெருக்கிக்கொண்டிருந்தார். திருத்தாத பழைய கோப்பையே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். வழக்கமான வழியில் போகாததால் அதற்குப் பதிவு எதுவும் இல்லை.

மில் கணினிக்கு என் இரட்டை அடைப்புக்குறி புரியவில்லை. புரியாததை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, பல வருடக் குறிப்புகளை மொத்தமாக அழித்துவிட்டது. வேறு நகல் கிடையாது. அங்கே சாயக் கலவையைக் கவனிக்கும் டையிங் மாஸ்டர் சத்தம்கூடப் போடவில்லை. இனி ஒவ்வொரு நிறத்தையும் முதலிலிருந்து பிடிக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

விசாரணையில், ஸ்கிரிப்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். எஸ்தர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன். தவறு அவர் பெயரில் எழுதப்பட்டது. அந்த மாதமே வேலையை விட்டார். கிளம்பும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சனுங்க."

அடக்கத்துக்குத் தாராபுரம் போயிருந்தேன். அவர் கணவர் என்னைத் தனியாக அழைத்தார். "ஏனுங்க, அந்தப் பெருந்துறை விசயத்துல அவ அப்படி என்னங்க தப்புப் பண்ணிப்போட்டா? கடேசி வரைக்கும் எங்கிட்டச் சொல்லவே இல்லீங்க" என்றார். பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்தக் கணவருக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு முன்பே அவருக்கு அனுப்பிவிட்டேன். எஸ்தர் ஒரு தவறும் செய்யவில்லை. செய்தவன் நான். அவர் நினைவாக என்னிடம் புகைப்படமோ கடிதமோ கிடையாது. நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய நல்ல பெயரை. அதைக் கேட்டு அவர் ஒருமுறைகூட வரவில்லை.