அல்சீட்டின் இருமல்

ராய்ஸ் சிறைக்கு வந்த முதல் நாள், விளக்கணைத்ததும் தலையணையில் முகம் புதைத்து அழுதான். அழுகிறவனை அங்கே மற்றவர்கள் லேசில் விடமாட்டார்கள். விம்மல் வெளியே கேட்கத் தொடங்கியபோது, பக்கத்துக் கட்டிலில் கிடந்த அல்சீட் இரும ஆரம்பித்தார். அப்படியொரு இருமல். "செத்துத் தொலையேன் பெருசு!" என்று கூடமே திட்டியது. அவன் அழுது ஓயும்வரை அவர் ஓயவில்லை. விடிந்து பார்த்தால் மனிதருக்குச் சளியுமில்லை, இருமலுமில்லை. அதைப்பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

அல்சீட் இளவயதில் குடிவெறியில் ஓர் ஆளைக் கொன்றவர். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்கத்தான். ஆற்றோரச் சிறைப் பண்ணையில் பருத்தி பறித்தே கிழவரானார். ஒவ்வொரு வேளையும் அந்த இறந்தவனின் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்பார். இப்போது நுரையீரலில் புற்று.

சாகக் கிடப்பவர்களை அங்கே சிறை மருத்துவமனை வார்டில் கைதிகளேதான் பார்த்துக்கொள்கிறார்கள். யாரும் தனியாகச் சாகக்கூடாது என்று முறைபோட்டு உட்கார்ந்திருப்பார்கள். ராய்ஸ் அவரைக் குளிப்பாட்டினான், பீன்ஸை மசித்து ஊட்டினான்.

"உப்பே இல்லடா பொடியா."

"எனக்கே தலை நரைச்சாச்சு, இன்னும் பொடியனா? வாயைத் திற பெருசு."

"நரைச்சா சமைக்க வந்துடுமா?" என்று சிரித்தவர், மெல்லக் கேட்டார்: "கண்ணை மூடுறப்போ பக்கத்துல இருப்பியாடா?"

"எங்க போகப்போறேன்? எனக்கும் ஆயுள்தானே."

ஒரு காலையில் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அதே வேளையில் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வேலியை மறைத்தது. பனி இறங்கினால் சங்கு ஊதும்; எவனும் தப்பவில்லை என்று எண்ணிப் பார்க்க, நடமாடுகிற கைதிகள் எல்லாரும் அவரவர் கட்டிலுக்குத் திரும்ப வேண்டும்.

காவலர் வெர்லீன் வாசலில் வந்து நின்றாள். "கெளம்பு ராய்ஸ்."

"மேடம், இன்னைக்குத் தாண்டமாட்டாரு. என்னை இங்கேயே எண்ணிக்கோங்களேன்."

"கேட்டுப் பாத்துட்டேன்ப்பா. முடியாதுன்னுட்டாங்க." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

போனால் கொடுத்த வாக்கு போயிற்று. போகாவிட்டால் இனி அவனை இந்த வார்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்; மற்றக் கட்டில்களில் கிடப்பவர்களுக்கு ஆளிருக்காது. கடைசியில் போனான். மதியம்வரை பனி விலகவில்லை. அவன் ஓடிவந்தபோது போர்வை முகத்துக்கு மேல் ஏறியிருந்தது.

காலையில் அவனை அனுப்பிவைத்ததே கிழவர்தான். அவன் உதடு நடுங்குவதையும், மற்றக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்ப்பதையும் கவனித்து, இல்லாத மூச்சைத் தேடிப்பிடித்துச் சொன்னார்:

"அழுதுட்டுப் போடா பொடியா. நான் இருமுறேன்."